பான்டூன் போட் வாங்குமுன் டிரெய்லரைக் குனிந்து பாருங்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், டாலஸ் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் பான்டூன் போட், அதாவது நீளமான உலோக டியூப்களின் மேல் தட்டையான தளம் போட்ட படகின் படங்கள் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, 22 அடி, சீட்டெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. டிரெய்லரும் சேர்த்தே தர்றாங்க. வாங்கிடலாமா?" படத்தில் சீட் இருக்கும், கூரை இருக்கும், ஸ்பீக்கர்கூட இருக்கும். டிரெய்லர் இருக்காது. இருந்தாலும் பாதி புல்லுக்குள் மறைந்திருக்கும்.

நாங்கள் ஆரம்பத்தில் சறுக்கிய இடத்திலேயே புதிதாக வருபவர்களும் வரிசையாகச் சறுக்குகிறார்கள். லைஃப் ஜாக்கெட் போடுங்கள், பெட்ரோல் பாருங்கள் என்றெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணத்துக்கும் உயிருக்கும் வேட்டு வைக்கிற விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

டிரெய்லரை இலவச இணைப்பாக நினைப்பது

இத்தனை வருடமாகியும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது.

பான்டூனுக்கு டிரெய்லர் இரண்டு வகை. ஒன்று, கத்திரி டிரெய்லர். குறுகலாக, போட்டின் இரண்டு டியூப்களுக்கு நடுவே நுழைந்து, ஜாக்கி போல அடியிலிருந்து தளத்தைத் தூக்கிப் பிடிக்கும். இன்னொன்று, பங்க் டிரெய்லர். கார்பெட் சுற்றிய நீளமான மரச்சட்டங்களின் மேல் டியூப்கள் முழு நீளத்துக்கும் உட்காரும். சக்கரங்கள் அகலமாக, வெளிப்பக்கமாக இருக்கும்.

கத்திரி வகை மோசமான பொருள் என்று சொல்லமாட்டேன். ஆழமில்லாத ராம்பில் (படகை ஏரிக்குள் இறக்கும் சரிவில்) இறக்கலாம், வீட்டு முற்றத்தில் கட்டைகளின் மேல் போட்டை இறக்கி வைத்துவிட்டு டிரெய்லரை உருவிக்கொள்ளலாம். ஏரிக்கரையில் வீடு இருப்பவருக்கு அதுவே போதும். சிக்கல் ஹைவேயில் வருகிறது. எட்டரை அடி அகலமான போட், உயரத்தில், நெருங்கி அமைந்த சக்கரங்களின் மேல் நிற்கிறது. சுற்றிலும் தடுப்புத் தகடு வேறு. பக்கவாட்டுக் காற்றுக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்?

இர்விங்கிலிருந்து ஒரு தம்பி அப்படி ஒன்றை வாங்கினார். விற்றவர் "பத்து வருஷமா இழுக்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை" என்றாராம். அவர் வீடு ராம்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. தம்பி இழுத்துக்கொண்டு கிளம்பியது டெக்சோமா ஏரிக்கு, 75ஆம் நெடுஞ்சாலையில். ஷெர்மன் நெருங்கும்போது மேற்கிலிருந்து காற்று. பெரிய டிரக் ஒன்று முந்திப் போயிருக்கிறது. போட் ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து, காரின் பின்பாகத்தையும் சேர்த்து ஆட்டியிருக்கிறது. காருக்குள் மனைவி, இரண்டு குழந்தைகள். நான் போய்ச் சேர்ந்தபோது ஓரமாக நிறுத்திவிட்டு நின்றிருந்தார். சாவியைக் கொடுக்க நீட்டிய கை நடுங்கியது. குனிந்து பார்த்தேன். இடது டயரின் பக்கச் சுவரில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம். டயரில் பொறித்திருக்கும் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 1413. அதாவது 2013ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் தேயாமல் பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்று கெடுவதே அதிகம். ஐந்தாறு வருடம் தாண்டினால் மாற்றிவிடுங்கள்.

அந்த டிரெய்லரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சில ஆயிரம் டாலர் கொடுத்து இரட்டை அச்சு பங்க் டிரெய்லர் வாங்கினார். போட்டில் மிச்சம் பிடித்த பணம் அத்தனையும் போனது.

சரி, பங்க் டிரெய்லர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? கூடாது. டிரெய்லர் தகட்டில் எழுதியிருக்கும் மொத்த எடை வரம்பு, டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்தது. இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 அடி, இரண்டு டியூப் போட் சுமார் 2,100 பவுண்டு. 115 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 360. பெட்ரோல் காலனுக்கு 6 பவுண்டு, 25 காலன் என்றால் 150. பேட்டரி, நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி எல்லாம் ஒரு 250. ஆக 2,860. தகடு 3,500 என்று சொல்லி, டிரெய்லரே 900 பவுண்டு இருந்தால், அது தாங்குவது 2,600தான். விளம்பரத்தில் போடுகிற "போட் எடை" வெறும் போட்டின் எடை. மோட்டார்கூட அதில் இருக்காது.

பிரேக்கையும் பாருங்கள். டெக்சஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால்தான் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம், மினசோட்டாவில் 3,000. சட்டம் எதுவானாலும் நான் 3,000க்கு மேல் பிரேக் இல்லாமல் இழுக்கமாட்டேன். அப்புறம், ஹிட்ச் பந்தின் (காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் உருண்டையின்) மேல் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது அழுத்தம் இருக்கட்டும். போட் பின்னால் தள்ளி உட்கார்ந்து முன்பக்கம் லேசாகிவிட்டால் நல்ல டிரெய்லரும் வாலாட்டும்.

"நம்ம வேன் இழுக்கும்"

டொயோட்டா சியன்னாவும் ஹோண்டா ஒடிசியும் இழுப்பது அதிகபட்சம் 3,500 பவுண்டு. மேலே போட்ட கணக்கில் டிரெய்லரைச் சேர்த்தாலே 3,760. அதோடு அம்மா, அப்பா, பிள்ளைகள், பிரியாணிப் பாத்திரம் என்று வண்டி நிறைய ஏற்றுகிறோம். ஹிட்சில் விழும் எடையும் வண்டி சுமக்கும் எடைதான். டிரைவர் கதவுச் சட்டத்தில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று ஒட்டியிருக்கும். ஒருமுறை படித்துவிட்டுப் போட் பார்க்கப் போங்கள்.

சின்ன மோட்டார்

1950களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் ஆம்ப்ரோஸ் வீரஸ் இரண்டு இரும்பு உருளைகளின் மேல் மரத்தளம் அடித்துச் செய்ததிலிருந்து தொடங்கியது இந்த வகைப் படகு. அலையடங்கிய சின்ன ஏரிக்கு அப்போதும் இப்போதும் 40, 50 குதிரைத்திறன் போதும். டெக்சோமா அப்படி இல்லை. சுமார் 89,000 ஏக்கர். மதியத்துக்கு மேல் தெற்குக் காற்று ஏறினால், பத்துப் பேருடன் 50 குதிரைத்திறனில் கரைக்குத் திரும்புவது பெரும்பாடு. படகில் அனுமதித்த உச்சத்திறனுக்குப் பக்கத்தில் வாங்குங்கள். பெரிய ஏரியில்தான் பொழுது போகும் என்றால் மூன்று டியூப் போட் பாருங்கள். ஆனால் அதன் எடைக்கு மறுபடி டிரெய்லர் கணக்கு, கார் கணக்கு.

போட் தகட்டில் 12 பேர் என்று எழுதியிருக்கிறதே

எட்டுப் பேருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கக் கதவைத் திறந்து வைத்து ஓட்டுவது

போட்டோவுக்காக எல்லோரும் முன்னால் போய் நிற்கும்போது வேகத்தைச் சட்டென்று குறைத்தால் மூக்கு நீருக்குள் இறங்கும், தண்ணீர் தளத்தின் மேல் ஏறும். அங்கிருந்து விழுபவர் இரண்டு டியூப்களுக்கு நடுவே போய் நேராகப் புரொபெல்லரில் மாட்டுவார். ஓடும் போட்டில் கதவு மூடியே இருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

கில் சுவிட்ச் கயிறு

ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொள்வது; அவர் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்திவிடும். 2021 ஏப்ரலிலிருந்து கூட்டாட்சிச் சட்டம். மாட்டிக்கொள்ளுங்கள்.

கூரையை விரித்தபடி ஹைவே

கிழியும்.

பழைய போட்டில் சீட்டை மட்டும் பார்ப்பது

சீட்டை மாற்றிவிடலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தின் மூலைகளில், கார்பெட்டுக்கு மேலே, குதிகாலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் கீழே பிளைவுட் உளுத்திருக்கிறது. டியூப்களின் அடியையும் வெல்டிங் ஓரங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ராம்பிலிருந்து மேலே ஏற்றியபின் ஒரு டியூப் மட்டும் நெடுநேரம் சொட்டிக்கொண்டிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம்.

ஏரித் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோவது

தண்ணீரோடு ஏரிக்கு ஏரி பரவும் வரிக்குதிரைச் சிப்பி (zebra mussel) டெக்சஸில் முதலில் தென்பட்டது 2009இல், டெக்சோமாவில். ஒரு ஏரித் தண்ணீரோடு போட்டை இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோனால் அதையும் கெடுத்துவிடுவோம். வடிக்காமல் போவது சட்டப்படியும் குற்றம். மேலே ஏற்றியதும் மோட்டாரை முழுக்கக் கீழே இறக்கி, உள்ளே இருக்கும் தண்ணீர் வடியும்வரை நில்லுங்கள். மீன் தொட்டியைத் திறந்துவிடுங்கள், நங்கூரக் கயிற்றில் ஒட்டிய பாசியைக் கையால் உருவிப் போடுங்கள். பிறகு மோட்டாரைத் தூக்கிக் கட்டிவிட்டு ரோட்டில் ஏறலாம். பங்க் கார்பெட் ஈரத்தை நாள்கணக்கில் வைத்திருக்கும். அடுத்த வாரம் வேறு ஏரி என்றால் அது முழுக்கக் காய்ந்த பிறகு கிளம்புங்கள்.