வைப்ரேஷன் பிளேட்டில் நின்று தசையை வேலை வாங்குவது எப்படி?

வைப்ரேஷன் பிளேட் என்பது ஏறி நின்றால் அதிரும் உடற்பயிற்சி மேடை. அது அதிர்ந்தால் தசை தானாக வேலை செய்துவிடும் என்று நினைத்து, முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு ஏறி நிற்பவர்கள் உண்டு. அப்படி நின்றால் அதிர்வு எலும்பு வழியே தலைக்குத்தான் போய்ச் சேரும். பல் கடகடக்கிறதா, எதிரே இருக்கும் எழுத்து மங்குகிறதா? முழங்காலை இன்னும் மடக்குங்கள்.

பிளேட் அசையும் ஒவ்வொரு முறையும் கால் தசை துளியூண்டு இழுபடுகிறது. தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் அதைத் தண்டுவடத்துக்குச் சொல்ல, அங்கிருந்தே 'சுருங்கு' என்று பதில் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அதிர்வை மட்டுப்படுத்தவும் தசை இறுகுகிறது. பிளேட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கெண்டைக்காலுக்கு வேலை அதிகம்; தொடைக்கு அதைவிடக் குறைவு; வயிறு, தோளுக்குப் போவது சொற்பம்.

மேலும் கீழுமாக அசையும் பிளேட்டில் 25–30 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 25–30 அதிர்வு), மொத்த அசைவு 2 மி.மீ. என்று தொடங்கலாம். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டாம், உடம்பே சேர்ந்து குலுங்கும். அதிர்வெண்ணை ஏற்றும்போது கவனம்: 2 மி.மீ. அசைவில் 25 ஹெர்ட்ஸ் தரும் உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 2.5 மடங்கு, அதையே 50 ஆக்கினால் 10 மடங்கு. இரட்டித்தால் நான்கு மடங்காகிவிடும் கணக்கு இது. சீசா போல இருபுறமும் மாறி மாறி ஏறியிறங்கும் பிளேட்டில் காலை அகட்ட அகட்ட அசைவு கூடும், ஆகவே முதலில் நடுவை ஒட்டி நில்லுங்கள்.

மெத்தென்ற ஷூ அதிர்வை விழுங்கிவிடும். சாக்ஸோ மெல்லிய அடியுள்ள ஷூவோ போதும். பாதத்தை இடுப்பகலம் வைத்து, முழங்காலை 30 முதல் 60 பாகை மடக்கி, எடையை முன்பாதத்துக்குக் கொண்டு வாருங்கள். குதிகாலைக் காகிதம் நுழையுமளவு தூக்கினால் கெண்டைக்கால் இறுகுவது கைக்கே தெரியும். கைப்பிடியில் தொங்கினால் கால் தசைக்கு வேலை குறைந்துவிடும். 30 விநாடி நின்று, ஒரு நிமிடம் ஓய்வு. ஐந்து சுற்று, வாரம் மூன்று நாள். காலில் அரிப்பும் சிவப்பும் வந்தால் ரத்த ஓட்டம் கூடியதால் இருக்கும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். தலைவலியோ முதுகுவலியோ வந்தால் உடனே இறங்கிவிடுங்கள்.

தசையின் மின் செயல்பாட்டை ஈ.எம்.ஜி. (தசை மின்பதிவு) கருவியில் பார்ப்பவர்களுக்கு ஒன்று: தோலில் ஒட்டும் மின்முனையும் ஒயரும் சேர்ந்தே ஆடுவதால் பிளேட்டின் அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் பதிவில் பொய் முகடுகள் எழும். அவற்றை வடிகட்டாமல் எடுத்த அளவு தசையை உள்ளதைவிட உழைப்பாளியாகக் காட்டும்.

கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு, புதிய எலும்பு முறிவு, விழித்திரைப் பிரச்சினை, வலிப்பு, சிறுநீரகக் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.