திருப்பூர் பனியன் கம்பெனியில் முதல் வேலையைக் கற்பது எப்படி?

திருப்பூர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு நிமிர்வு உண்டு. அதற்கு உரிய வேலைப் பழக்கத்தைப் பனியன் கம்பெனியில் கிடைக்கும் முதல் சிறு வேலையிலேயே கற்றுவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். 18 வயது நிறைந்து, பிசிறு (தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்) வெட்டவோ, செக்கிங்குக்கோ (தைத்த துணியில் குறை பார்ப்பது) புதிதாகச் சேருவோருக்காக இதை எழுதுகிறேன்.

செக்கிங் மேசையில் ஒவ்வொரு டி-ஷர்ட்டையும் ஒரே வரிசையில் பாருங்கள். கழுத்துப் பட்டியில் தொடங்கி, தோள் தையல், கை, பக்கத் தையல், கீழ்மடிப்பு என்று இறங்கி, பிறகு உட்புறத்தைத் திருப்பி அதே வரிசையில் மீண்டும் பார்க்க வேண்டும். கண் போன போக்கில் பார்ப்பவர் எண்ணெய்க் கறையைப் பிடித்துவிட்டு, இரண்டு விரல் தள்ளியிருக்கும் ஊசி ஓட்டையை விட்டுவிடுவார். பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் துவைக்கத் துவைக்க அது பெரிதாகும். பிசிறை இழுக்காமல், கத்தரியைப் படுக்கவைத்துத் தையலை ஒட்டி வெட்டுங்கள். எந்தத் துணிக்கட்டு எது என்று அடையாளம் காட்டும் பண்டல் சீட்டை எக்காரணம் கொண்டும் மாற்றிவிடாதீர்கள். சாயத்தில் சிறு வேறுபாடுள்ள துணிகள் கலந்தால் உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம் என்றாகிவிடும்.

ஏற்றுமதிக் கம்பெனிகளில் தையல் ஊசி முறிந்தால், துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்துக் காட்டிய பிறகே புது ஊசி தருவார்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் எல்லோருக்கும் எரிச்சல் வரும் நேரம் அது. ஆனாலும் முகம் சுளிக்காமல் நீங்களும் குனிந்து தேடுங்கள். ஊசித்துண்டு சிக்கியிருக்கக்கூடிய அந்தச் சட்டை ஏதோ ஒரு குழந்தையின் உடம்பில் படப்போகிறது. இந்த ஊர் கற்றுத்தரும் பாடங்களில் இதையே நான் முதலில் வைப்பேன்.

ஊர்ப்பெருமை பேசுவோர் எங்கள் ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றையும் பேசத்தான் வேண்டும். ஆற்றைக் கெடுத்த சாயக் கழிவின் காரணமாக, 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை வந்த பிறகே சாயத்தொழில் மீண்டெழுந்தது. ஆகவே உங்கள் பிரிவின் கழிவு எங்கே போகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செய்த ஷிப்ட்டுகளை அன்றன்றே குறித்துவைத்து, சம்பளம் வாங்கும்போது சரிபாருங்கள், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பதிவைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். செக்கிங்கில் கண் பழகியதும், சூப்பர்வைசரிடம் அனுமதி பெற்று, டெய்லர் அக்காவோ அண்ணனோ பக்கத்தில் இருக்கும்போது வேஸ்ட் துணியில் ஓவர்லாக் (துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) ஓட்டிப் பழகத் தொடங்கலாம்.