முப்பத்தைந்துக்கு மேல் பருவும் சுருக்கமும் சேர்ந்து வந்தால்: இரவில் முகத்துக்கு என்ன பூசுவது, எந்த வரிசையில்

கண்ணோரத்தில் மெல்லிய கோடுகள் விழத் தொடங்கிவிட்டன. அதே முகத்தில், மாதவிடாய்க்கு முந்தைய வாரம் வந்தால் தாடையோரம் தவறாமல் பருக்கள். பள்ளிக்கூட வயதோடு போய்விடும் என்று எல்லோரும் சொன்ன பரு, நாற்பதை நெருங்கும்போதும் போகவில்லை என்றால் யாருக்கும் சலிப்பாகத்தான் இருக்கும். கடைக்குப் போனால் குழப்பம் கூடுகிறது. சுருக்கத்துக்கென்று விற்கும் க்ரீம்கள் பலவும் பிசுபிசுப்பானவை. பூசினால் பரு கூடும். பருவுக்கென்று விற்பவை முகத்தை வறட்டிவிடும்; வறண்ட தோலில் கோடுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இரண்டுக்கும் தனித்தனியாக மருந்து தேட வேண்டியதில்லை. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு இரண்டையும் சேர்த்தே கவனிக்கும். அதோடு ஒரு ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர். ஆக மூன்றே பொருள்கள். டோனர், எசென்ஸ், விதவிதமான சீரம் எதுவும் தொடங்குகிறவருக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

பருவுக்கும் சுருக்கத்துக்கும் ஒரே மருந்து எப்படி வந்தது? ட்ரெட்டினாயின் என்ற ரெட்டினாய்டு 1971-இல் அமெரிக்காவில் பரு மருந்தாகத்தான் அனுமதி பெற்றது. அதை ஆராய்ந்தவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன். பருவுக்காகப் பூசிக்கொண்ட நடுவயதுக்காரர்களுக்குத் தோல் வழவழப்பாகி, கோடுகளும் மங்குவது தெரியவந்தது. வெயிலால் முதிர்ந்த தோலில் அது எப்படி வேலை செய்கிறது என்பதை அவரும் சக ஆய்வாளர்களும் 1986-இல் வெளியிட்டார்கள். 1995-இல் மெல்லிய சுருக்கங்களுக்கான க்ரீமாகவும் அது அனுமதி பெற்றது. மயிர்த்துளைக்குள் இறந்த செல்கள் ஒட்டி அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதால் பரு குறைகிறது. தோலின் அடியடுக்கில், தோலைத் தாங்கி நிறுத்தும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைத் தூண்டுவதால் கோடுகள் மெல்லக் குறைகின்றன.

தொடங்கும் முன் மூன்று விஷயங்கள்

கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் ரெட்டினாய்டு பக்கமே போக வேண்டாம். பாலூட்டுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் மருத்துவர்கள் பெரும்பாலும் தருவது அசெலாயிக் ஆசிட். பருவையும் பரு விட்டுப்போகும் கருந்தழும்பையும் அது நன்றாகவே கவனித்துக்கொள்ளும்.

இரண்டாவது, வீட்டில் ஏற்கெனவே பூசிக்கொண்டிருக்கும் ட்யூபை எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மெடிக்கல் ஷாப்பில் 'முகம் வெளுக்க' என்று கேட்டு வாங்கும் பல க்ரீம்களில் இதுதான் இருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு கொத்துக்கொத்தாகக் கிளம்பும், சிலருக்கு மீசை, தாடி இடங்களில் முடியும் வளரும். இந்தியாவில் 2018-இல் இத்தகைய க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். இருந்தும் கையில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. மாதக்கணக்கில் பூசியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், அதன் மேலேயே ரெட்டினாய்டு தொடங்கவும் வேண்டாம். தோல் மருத்துவரிடம் அந்த ட்யூபையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூன்றாவது, எந்த ரெட்டினாய்டு? பருவும் கோடும் சேர்ந்து இருப்பவருக்குத் தொடக்கத்துக்கு நான் சொல்வது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். எரிச்சல் குறைவு, பருவுக்கு நல்ல பலன். சுருக்கத்துக்கு அதிக ஆய்வுப் பின்புலம் உள்ளது ட்ரெட்டினாயின்தான், ஆனால் அது எரிச்சல் கூடியது, 0.025 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம். அமெரிக்காவில் 2016 முதல் அடாபலீன் 0.1 சதவீதம் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. நம் ஊரில் இரண்டையும் மருத்துவரைக் கேட்டு வாங்குவதே சரி. மருத்துவரிடம் போக முடியாதவர்கள் அழகுசாதனமாக விற்கும் ரெட்டினாலில் தொடங்கலாம். அது மெதுவாகத்தான் வேலை செய்யும், பருவுக்குப் பலனும் குறைவு.

முதல் படி: முகம் கழுவுவது

குளியல் சோப்பை முகத்துக்குப் போடாதீர்கள். தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது, சோப்பு அதற்கு நேர்மாறாகக் காரத்தன்மை கொண்டது. போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சோப்பு சரியாக நுரைக்காமல் படலமாக முகத்தில் ஒட்டியும் கொள்ளும். சோப்பு கலக்காத, வாசனை குறைந்த ஃபேஸ்வாஷ் ஒன்று போதும். கழுவிய பின் முகம் இழுத்துப் பிடித்தாற்போல இருந்தால் அந்த ஃபேஸ்வாஷ் உங்களுக்கு ஆகாது.

விரல் நுனியால் அரை நிமிடம். நெற்றியில் முடி தொடங்கும் கோடு, மூக்கின் இரு மடிப்புகள், காதுக்குக் கீழே தாடையோரம் ஆகிய இடங்களைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். பகலில் பூசிய சன்ஸ்கிரீனும் தலை எண்ணெயும் தங்குவது அங்கேதான். மேக்கப் போட்ட நாளில் மட்டும் முதலில், மேக்கப்பைக் கரைத்தெடுக்கும் மைசெல்லர் வாட்டரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெயால் மேக்கப் எடுப்பது பரு வரும் முகத்துக்குச் சரிப்படாது; மயிர்த்துளையை அடைக்கும் எண்ணெய்களில் அதுவும் ஒன்று. கடலை மாவு, ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பதையும் இந்த முதல் மூன்று மாதம் ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாம் படி: காயவிடுவது

மெத்தென்ற துண்டால் ஒற்றி எடுத்துவிட்டுப் பதினைந்து, இருபது நிமிடம் விடுங்கள். ஈரத்தோலில் ரெட்டினாய்டு அதிகமாக இறங்கி எரியும். சாப்பாட்டுக்கு முன்பே முகம் கழுவிவிட்டால் இந்தக் காத்திருப்பு ஒரு பாரமாகவே தெரியாது.

மூன்றாம் படி: மெல்லிய மாய்ஸ்சரைசர், மூலைகளுக்கு வாஸ்லின்

முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு ரெட்டினாய்டுக்கு முன்னும் பின்னும் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். வாங்கும்போது 'நான்-காமெடோஜெனிக்' (மயிர்த்துளையை அடைக்காதது) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். செராமைடு (தோலில் இயல்பாகவே உள்ள ஒரு கொழுப்பு), கிளிசரின் உள்ளவை நல்லது. நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கெட்டியான க்ரீம் வேண்டாம், லோஷன் அல்லது ஜெல் க்ரீம் போதும்.

கண்ணோரம், மூக்கோரம், உதட்டின் இரு முனை ஆகிய இடங்களில்தான் தோல் முதலில் உரியும். அங்கே ஊசிமுனை அளவு வாஸ்லின் தடவிவிட்டால் மருந்து அங்கே பரவாது.

நான்காம் படி: ரெட்டினாய்டு

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு ஜெல் பிதுக்குங்கள். முழு முகத்துக்கும் அவ்வளவுதான். அதிலிருந்து நெற்றியில் ஒரு பொட்டு, இரு கன்னங்களில் ஒவ்வொரு பொட்டு, மூக்கில் பாதிப் பொட்டு, முகவாயில் ஒரு பொட்டு வையுங்கள். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, தேய்க்காமல் பரப்புங்கள். கண்ணைச் சுற்றி எலும்பு தட்டுப்படும் வட்டத்துக்கு உள்ளே போக வேண்டாம். பரப்பி முடித்ததும் முகத்தில் வெள்ளையாக எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் அளவு கூடிவிட்டது.

பலரும் பரு மேல் மட்டும் வைக்கிறார்கள். அது பலன் தராது. கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு பருவும் வாரக்கணக்கில் தோலுக்குள் ஒளிந்து வளர்ந்து வெளிவந்தது. இன்று சுத்தமாகத் தெரியும் கன்னத்தில் அடுத்த மாதத்துப் பரு ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கும். அதனால்தான் முழு முகத்துக்கும்.

ஐந்தாம் படி: பத்து நிமிடம் கழித்து மறுபடி மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான்.

வாரத்துக்கு எத்தனை இரவு?

முதல் இரண்டு வாரம் வாரத்தில் இரண்டே இரவுகள். திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மற்ற இரவுகளில் கழுவுவதும் மாய்ஸ்சரைசரும் மட்டும். உரிதலோ எரிச்சலோ இல்லையென்றால் அடுத்த இரண்டு வாரம் மூன்று இரவு, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் பூசும் நிலைக்கு இரண்டு மூன்று மாதத்தில் போகலாம். போக முடியவில்லை என்றாலும் நஷ்டமில்லை; ஒருநாள் விட்டு ஒருநாள் பூசியே நல்ல பலன் பெறுபவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்பீர்கள். மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் ஒரு குணம் உண்டு: எங்கே வீக்கம், எரிச்சல், காயம் பட்டாலும் அந்த இடம் கறுத்துவிடும். பரு போன பிறகு மாதக்கணக்கில் நிற்கும் கரும்புள்ளி அப்படி வந்ததுதான். மருந்தை அள்ளிப் பூசி முகம் புண்ணானால், அந்தப் புண்ணும் அதே மாதிரிக் கறுக்கும். வெள்ளைத் தோல்காரர்களுக்குச் சொல்லும் 'உரிந்தால் உரியட்டும், தினமும் பூசு' என்ற அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எரியும் இரவில் மருந்தை விடுங்கள். இரண்டு நாள் விட்டதால் எதுவும் கெட்டுப்போகாது.

என்ன நடக்கும்?

முதல் மாதம் லேசாகச் செதில் உதிரும். உள்ளே ஒளிந்திருந்த பருக்கள் சில வாரம் சேர்ந்தாற்போல வெளியே வரலாம். நிறையப் பேர் பயந்து நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். வழக்கமாக வரும் இடங்களிலேயே சிறு பருக்கள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இதுவரை வராத இடத்தில் வந்தாலோ, அரிப்பும் வீக்கமும் சேர்ந்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம், நிறுத்துங்கள். பருவில் தெளிவான மாற்றம் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கோடுகளுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாது. இரண்டு வாரத்தில் சுருக்கம் போகும் என்று சொல்லும் விளம்பரம் எதையும் நம்பாதீர்கள். மாய்ஸ்சரைசரால் தோல் ஊறிக் கோடு தற்காலிகமாக மறைவதைத்தான் அப்படிக் காட்டுகிறார்கள்.

முகம் பழகிய பிறகு, ரெட்டினாய்டு இல்லாத இரவில் வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு 4 அல்லது 5 சதவீதம் சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம். எண்ணெய்ப் பசைக்கும் கருந்தழும்புக்கும் உதவும், எரிச்சலும் குறைவு. சாலிசிலிக் ஆசிட், கிளைகாலிக் ஆசிட் போன்ற, தோலை உரிக்கும் அமிலங்களை முதல் மூன்று மாதம் இதோடு கலக்க வேண்டாம். சீழ்ப் பரு அதிகம் என்றால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதத்தைக் காலையில் பயன்படுத்தலாம். 10 சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடும், பலன் கூடாது. ஒன்று ஞாபகம் வையுங்கள்: அது துணியின் சாயத்தை வெளுக்கவைத்துவிடும். நல்ல தலையணை உறையும் கலர் துண்டும் பக்கத்தில் வேண்டாம்.

ராத்திரி பழக்கங்கள் சில

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு தூங்கும் வழக்கம் இருந்தால் நெற்றிப் பரு எளிதில் போகாது. எண்ணெய் தலையணையில் இறங்கி முகத்துக்கு வந்துவிடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வைத்து அலசிவிடுங்கள். உறையை வாரம் ஒருமுறையாவது மாற்றுங்கள்.

புருவம், மேலுதடு த்ரெடிங் செய்பவர்கள் அந்த இடத்தில் சில நாள் முன்பே ரெட்டினாய்டை நிறுத்துங்கள். முகத்தில் வாக்சிங் என்றால் குறைந்தது ஒரு வாரம். மருந்தால் இளகிய மேல்தோல் மெழுகோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும், பின் அந்த இடம் கறுத்து நிற்கும்.

காலையில் சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல் போட வேண்டும். இரவு செய்யும் வேலையெல்லாம் பகல் வெயிலில் கரைந்துவிடாமல் காப்பது அதுதான். கருந்தழும்பு அதிகம் உள்ளவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயம் உள்ள சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் தோலைக் கறுக்கவைக்கும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

தோலுக்கு அடியில் உருண்டையாக, தொட்டாலே வலிக்கும் கட்டிகள் வந்தால், குழித்தழும்பு விழத் தொடங்கினால், காத்திருக்க வேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போவதோடு தாடையில் முடியும் வளர்ந்தால் அது பிசிஓஎஸ் என்ற, சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். பூச்சு மருந்து மட்டும் போதாது, மகப்பேறு மருத்துவரையும் பார்க்க வேண்டியிருக்கும். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் அரிக்கும் சிறு பொரிகள் என்றால் அது பூஞ்சையாக இருக்கக்கூடும், அதற்கு மருந்தே வேறு. இவை எதுவும் இல்லாமல், முறையாகப் பூசியும் மூன்று மாதத்தில் மாற்றமே இல்லையென்றால், ட்ரெட்டினாயினுக்கு மாறலாமா என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள். போகும்போது முதல் நாளும் ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோக்களைக் கொண்டுபோனால் அவருக்கு முடிவெடுக்கச் சுலபமாக இருக்கும்.