இரண்டு ஏக்கர் டெல்டா நிலத்தை ஆண்டு முழுக்க நடத்துவது எப்படி

நன்னிலம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை, வீட்டை ஒட்டிக் கொஞ்சம் கொல்லை, இரண்டு கறவை மாடு. போர்வெல் கிடையாது, வாய்க்கால் தண்ணீர்தான். அதனால் குறுகிய கால நெல்லான குறுவைக்கு ஆசைப்படாமல் நீண்ட கால நெல்லான சம்பா, அதன் பின்னால் உளுந்து என்று வைத்திருக்கிறோம். கடைமடையில், அதாவது வாய்க்கால் முடிகிற பக்கத்தில், புதிதாக நிலம் பார்க்க வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

சித்திரையில் வயலில் ஆட்டுக் கிடை போடுங்கள். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் கோடையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வருவார்கள். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பட்டியைத் தினமும் இடம் மாற்றினால்தான் வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் விழும். முதல் கோடை மழை பெய்ததும் உழுதுவிடுங்கள். வெயிலில் காயவிட்டால் பாதிச் சத்து போய்விடும்.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அணையில் இருப்பு இருந்தால்தான் அதுவும். அங்கே திறந்தாலும் நம் மதகுக்கு உடனே வந்துவிடாது, அதற்குள் வாய்க்காலில் மண்டிய ஆகாயத்தாமரையையும் கோரையையும் எடுத்துவிட வேண்டும். கிடைக்கிற ஈரத்தில் பசுந்தாள் உரத்துக்காக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில், பூக்கும் முன்னே மடக்கி உழுங்கள். மாட்டுக்குக் கொஞ்சம் அறுத்துப் போட்டாலும் குறைந்துவிடாது.

ஆவணியில் நாற்றங்கால். நாங்கள் விடுவது சி.ஆர். 1009 என்ற நெல் ரகம், 155 நாள் போல ஓடும். ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும். விதையை உப்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: ஒரு முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, விதையைக் கொட்டி, மேலே வருவதை அரித்து எடுத்துவிட வேண்டும். அடியில் நிற்பதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் முளைப்பு கெடும். அப்புறம் ஒரு நாள் ஊறல், ஒரு நாள் கோணிச் சாக்கில் மூட்டம். முளை எட்டிப் பார்த்ததும் தெளித்துவிடலாம்.

நடவைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் பயிர் வேர்பிடித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மழை மாதங்களில் மற்ற வேலை எல்லாம் இரண்டாம் பட்சம். விடியலில் பால் கறந்து ஊற்றியதும் மண்வெட்டியோடு வயலுக்குப் போய் வடிமடை திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வரப்பை ஒல்லியாக வையுங்கள், பருத்த வரப்பில் எலி வளை போடும். பயிர் கதிர்கட்டும் முன்பே மூங்கில் கிட்டி என்கிற எலிப்பொறியை வைக்க ஆரம்பித்தால்தான் எலி அடங்கும்.

இப்போது உளுந்து. கடைமடைச் சிறு விவசாயியின் கையில் உண்மையில் காசு நிற்பது இதில்தான் என்பது என் எண்ணம். உழவு இல்லை, பாசனம் இல்லை. நெல் விட்டுப்போன ஈரத்திலும் தைப்பனியிலும் விளைந்துவிடும்.

பொங்கல் முடிந்த கையோடு, அறுவடைக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதைக்க வேண்டும். இந்தப் பட்டத்துக்கு ஆடுதுறை 3 ரகம் நன்றாக வரும். ஏக்கருக்கு 10 கிலோ. இயந்திர அறுவடை என்றால் இரண்டு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். என் மாமியார் இதற்குக் காலைத்தான் நம்புவார். வெறுங்காலோடு வயலில் இறங்கி ஓர் அடி வைத்து எடுங்கள். ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்து, பதிந்த குழியில் தண்ணீர் ஊறாமல் இருந்தால் அன்றைக்கே விதைக்கலாம். குதிகால் புதைந்தால் விதை அழுகும், இன்னும் இரண்டு நாள் வடியட்டும். தடமே விழாமல் தரை வெடிப்பு விட்டிருந்தால் நாள் தப்பிவிட்டது. வயலில் மேடு பள்ளம் இருந்தால் மேட்டை முதலில் விதைத்துவிட்டு, பள்ளத்தை இரண்டு நாள் கழித்து விதையுங்கள். யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

அறுப்புக்கு பெல்ட் வண்டியையே கேளுங்கள். டயர் வண்டி ஏறிய தடத்தில் உளுந்து முளைக்காது. வைக்கோலை அன்றே அள்ளிவிட வேண்டும், கிடந்தால் அடியில் இருக்கும் முளை வெளுத்துச் சாகும். நெல்லைக் களத்தில் காயவைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்த பிறகு கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றுங்கள்.

பூக்கும்போது ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை டி.ஏ.பி. உரத் தெளிப்பு. ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிவை மட்டும் வடிகட்டி, 200 லிட்டராக்கி, மாலையில் அடியுங்கள். ஈரம் குறைந்த மண்ணில் இந்தக் கரைசல்தான் காய்க்குத் தெம்பு.

பங்குனியில் காய் பெரும்பாலும் கறுத்ததும், வெயில் ஏறுமுன் பறித்துவிடுங்கள். உச்சி வெயிலில் கை வைத்தால் காய் வெடித்து மணி வயலிலேயே கொட்டும். விதைக்கு எடுத்து வைப்பதைத் தனியே காயவைத்து, பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையும் வரை வெயில் காட்டி, சாம்பல் புரட்டிக் கட்டுங்கள்.