ஆறாத கால் புண்ணும் வெள்ளிக் கட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம்மவர்கள் வீடுகளில் கால் புண் ஆறவில்லை என்றால், கெமிஸ்ட்டில் வெள்ளி கலந்த கட்டு வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். விலை கூடியது, அதனால் சீக்கிரம் ஆற்றும் என்ற நம்பிக்கை. பெரிய தவறே இதுதான். வெள்ளி, அயோடின், தேன் கட்டுகள் கிருமியைக் குறைக்கத்தான். 2009இல் வெளிவந்த வல்கன் என்ற பிரிட்டிஷ் ஆய்வில், நரம்புப் புடைப்பால் (காலில் ரத்தக் குழாய் புடைக்கும் வெரிகோஸ் வெயின் போன்ற கோளாறால்) வந்த கால் புண்ணோடு 213 பேர் கலந்துகொண்டார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால், வெள்ளிக் கட்டு போட்டவர்களுக்கும் சாதாரணக் கட்டு போட்டவர்களுக்கும் புண் ஆறியதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. செலவு மட்டும் கூடியது.

நாள்பட்ட புண் எதிலும் கிருமி இருக்கும். ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் புண்ணைத் தடவி எடுக்கும் மாதிரி) எடுத்து சோதித்தால் ஏதாவது கிருமி வளரத்தான் செய்யும், அதை மட்டும் வைத்துத் தொற்று என்று சொல்ல முடியாது. வலி திடீரென்று கூடுவது, வீக்கம், சீழ், புதிதாக வரும் நாற்றம், இவைதான் அடையாளம். நம் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. சுற்றிலும் கருத்தோ ஊதாவாகவோ தெரியலாம். புறங்கையை வைத்து இரண்டு காலையும் தொட்டுப் பாருங்கள். புண் உள்ள கால் மட்டும் சுட்டால் சிஸ்டரிடம் காட்டுங்கள்.

சரி, தொற்றுதான் என்று தெரிந்து கட்டு போட்டாயிற்று. அப்புறம் மாதக்கணக்கில் அதையே தொடர வேண்டாம். இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்: தொற்று அடங்கியிருந்தால் சாதாரணக் கட்டு போதும், அடங்காவிட்டால் வைத்தியத்தையே மாற்ற வேண்டும். அயோடின் கட்டின் நிறம் வெளுத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது, மாற்றுங்கள். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அயோடின் போடக் கூடாது. சமையலறைத் தேனும் வேண்டாம். கட்டுக்கான தேன் கிருமி நீக்கப்பட்டது.

எந்தக் கட்டு போட்டாலும் புண் வந்த காரணத்தை விட்டுவிட்டால் ஆறாது. நரம்புப் புடைப்பால் வந்த புண்ணை ஆற்றுவது காலை அழுத்திச் சுற்றும் இறுக்கக் கட்டு. ஆனால் காலுக்கு ரத்தம் சரியாக இறங்குகிறதா என்று கணுக்காலில் பிரஷர் அளந்து பார்க்காமல் அதைப் போட்டால் காலுக்கே ஆபத்து. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதப் புண் என்றால் சர்க்கரையும் கட்டுப்பட வேண்டும், புண்மேல் பாரமும் விழக் கூடாது. காவடிக்கு வெறுங்காலோடு நடக்க மனசு துடிக்கும், தெரியும். புண் இருக்கும் வருடம் தயவுசெய்து வேண்டாம்.

காய்ச்சல் வந்தாலோ, நிறமாற்றம் புண்ணின் ஓரத்தைத் தாண்டிப் பரவினாலோ, மேல்கட்டை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அது உள்ளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டிய நிலை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.