லிப் பாமில் மணம் சேர்க்கும் பக்குவம்

வீட்டில் லிப் பாம் செய்வோர், ஒரு பங்கு தேன்மெழுகுக்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் என எடையில் அளந்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கினாலே போதும்; மெழுகு ஏறத்தாழ 63 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் நேரடித் தீ தேவையில்லை. மண எண்ணெயை, கலவையை இறக்கி வைத்து, ஓரம் லேசாக வெண்மை பூத்து உறையத் தொடங்கும்போதுதான் சேர்க்க வேண்டும். கொதிக்கும் சூட்டில் சேர்த்தால் மணம் ஆவியோடு போய்விடும். 50 கிராம் கலவைக்குப் புதினா எண்ணெய் ஐந்தாறு துளிகளே தாராளம். பன்னீர் போன்ற நீர் கலந்த மணப்பொருள்கள் மெழுகோடு சேராமல் அடியில் முத்து முத்தாகத் தங்கிவிடும். செக்கில் பிழிவதுபோல் தோலிலிருந்து பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் சென்றால் உதடு கன்றிப்போகக்கூடும் ஆதலால், அதை அறவே தவிர்ப்பது நல்லது. சோப்புக்கும் எலுமிச்சையைவிட எலுமிச்சைப்புல் எண்ணெயே சிறந்தது. சோப்பு செய்யச் சேர்க்கும் காரத்தை (எரிசோடாவை) தாங்கி, சோப்புக் கட்டி வாரக்கணக்கில் உலர்ந்த பின்னும் அதன் மணம் நிற்கும்.