400 மீட்டர் நீச்சல்: மூன்றாவது நூறைக் கவனியுங்கள்

400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பலரும் நேரத்தைக் கோட்டைவிடுவது மூன்றாவது நூறு மீட்டரில்தான். தொடக்கத்தின் பரபரப்பு அடங்கியிருக்கும், முடிவோ இன்னும் தூரத்தில் இருக்கும். வேகம் குறைவது நமக்கே தெரியாது.

காரணம் பெரும்பாலும் முதல் 50 மீட்டரில் இருக்கிறது. மேடையிலிருந்து பாய்வதால் முதல் நூறில் ஓரிரு விநாடிகள் சும்மாவே மிச்சமாகும். அது போதும். பக்கத்து லேனைப் பார்த்து அதற்கு மேலும் விரட்டினால், பாதி தூரத்திலேயே கை கனக்கத் தொடங்கிவிடும்.

சரி, 5 நிமிடம்தான் இலக்கு என்றால்? நான்கு நூறுகளையும் 73, 76, 76, 75 விநாடி என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நூறு கொஞ்சம் சுலபமாகத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். மூன்றாவது நூறில் அதே 76-ஐப் பிடிக்க நிஜமாகவே கூடுதல் முயற்சி வேண்டும்.

தண்ணீருக்குள் கடிகாரம் பார்க்க முடியாது, அதனால் கைவீச்சை எண்ணுங்கள். 50 மீட்டர் குளத்தின் ஒரு நீளத்துக்கு 40 வீச்சு எடுப்பவருக்கு அது திடீரென 44 ஆனால், கை தண்ணீரைப் பிடிக்காமல் நழுவுகிறது. அப்போது கையை வேகமாகச் சுற்றாதீர்கள், நீட்டிப் பிடித்து இழுங்கள். காலுதைப்பை அதுவரை அளவாக வைத்திருந்து, கடைசி நூறில் முழுதாகப் போடுங்கள்.

பயிற்சிக்கு: எட்டு முறை 50 மீட்டர், ஒவ்வொன்றும் 37 அல்லது 38 விநாடியில், நடுவே 10 விநாடி ஓய்வு. முதலாவதை 34-இல் முடித்தால் பாராட்டிக்கொள்ள வேண்டாம், அடுத்ததில் நிதானத்துக்கு வாருங்கள்.